வேஷமும் விருந்தும்

"சீனாக்காரன் பண்டிகையை நம் பள்ளிக்கூடத்தில் எதற்காகக் கொண்டாட வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். "கொண்டாடினால் என்ன? உலகமே ஒரு குடும்பம் அல்லவா?" என்று பதில் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கட்சியில் ஏதாவது ஒன்றில் நான் சேர்ந்துகொள்வேன் என்று எதிர்பார்த்து வாசகர் யாராவது இதைப் படிக்கத் தொடங்கியிருந்தால், அவரை ஏமாற்ற வேண்டியவனாக இருக்கிறேன். என் வழக்கு இரண்டு கட்சியார் மீதும்தான். ஒருவர் சீனப் பண்டிகை வேண்டாம் என்கிறார். மற்றவர் வேண்டும் என்று சொல்லி மேடை போட்டு, அதில் சீனத்தின் வாசனைகூட இல்லாமல் செய்துவிடுகிறார். விழாவுக்கு உரிய மனிதர் இருவருக்குமே தேவைப்படவில்லை. வெறுப்பவருக்கும் அவர் வேண்டாம், கொண்டாடுகிறவருக்கும் அவர் வேண்டாம் என்றால், இவர்கள் சண்டை எதைப் பற்றி?

முதலில் கொண்டாடுகிறவர்களைக் கவனிப்போம். புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் மற்றப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் தப்பித்துக்கொள்ளும். 'உலகப் பண்பாட்டு நாள்' என்று விழா எடுத்தார்கள். கதை எழுதுகிறவன் என்ற தோஷத்துக்காக என்னையும் அழைத்து, சால்வை போர்த்தி, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நாடு நாடாகக் குழந்தைகள் மேடைக்கு வந்தார்கள். சீனாவின் முறை வந்தது. ஏழெட்டு வயசுப் பிள்ளைகள். தலையில் கூம்பான ஓலைத் தொப்பி. மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் தொங்கும்படி மையால் இழுத்த மீசை. கண்ணின் ஓரத்தை மைக்கோலால் காதுவரை நீட்டியிருந்தார்கள். கைகளைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டு இடுப்பு ஒடிய ஒடிய வணங்கினார்கள். வாயில் 'சிங், சாங்' என்று ஒரு பாஷை. பின்னால் ஆறு பையன்கள் ஒரு காகித டிராகனைத் தூக்கிக்கொண்டு ஓட, அதன் வால் கழன்று விழுந்தது. பெற்றோர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஹாப்பி சைனீஸ் நியூ இயர்!" என்று ஓர் ஆசிரியை ஒலிபெருக்கியில் வாழ்த்தினார். அப்போது நடந்துகொண்டிருந்தது ஆகஸ்டு மாதம்.

அந்த ஓலைத் தொப்பியைச் சீனாவைவிட வியத்நாமின் வயற்காட்டுப் பெண்கள்தான் அதிகம் சொந்தம் கொண்டாடுவார்கள். அந்த வணக்கம் ஜப்பானியர் வணக்கத்தின் கேலிச் சித்திரம். அந்த பாஷை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. புத்தாண்டு ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வருவது. குழந்தைகளை நான் குற்றம் சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்ததைச் செய்தார்கள். ஆனால் அன்று அவர்கள் ஒரு பாடம் கற்றார்கள் என்பதை மறுக்க முடியாது: சீனர் என்றால் சிரிப்பதற்கு உரிய ஜாதி என்ற பாடம். மாற்றி யோசித்துப் பாருங்கள். ஷாங்காய் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் குழந்தைகள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, தலையைப் பக்கவாட்டில் ஆட்டி, 'அண்டா குண்டா' என்று உளறி, இதுதான் தமிழர் திருநாள் என்று ஆடினால் நாம் சும்மா இருப்போமா? பத்திரிகைகளுக்கு எத்தனை கண்டனக் கடிதங்கள் போகும்!

விழா முடிந்ததும் தலைமையாசிரியை அம்மாளிடம் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். "குழந்தைங்க ஆசையாப் பண்ணினது சார். நாலு நாட்டுக் கல்ச்சர் தெரிஞ்சுக்கட்டுமேன்னுதான்..." என்றார். "என்ன தெரிந்துகொண்டார்கள்?" என்று கேட்டேன். அந்த அம்மாள் மரியாதை தெரிந்தவர். காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்.

என்ன தெரிந்துகொண்டிருக்கலாம் என்று நான் சொல்லுகிறேன். சீனப் புத்தாண்டு எந்த நாளில் பிறக்கிறது? மார்கழியில் சூரியன் தெற்கே எட்டும் கடைசி எல்லையைத் தொட்ட பிறகு வருகிற இரண்டாவது அமாவாசையில், பெரும்பாலும். நம் பஞ்சாங்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023-இல் தை அமாவாசை ஜனவரி 21. சீனப் புத்தாண்டு மறுநாள். 2024-இல் தை அமாவாசை பிப்ரவரி 9. சீனப் புத்தாண்டு மறுநாள். 2025-இல் இரண்டும் ஜனவரி 29, ஒரே நாள். சில ஆண்டுகளில் ஒரு மாதம் விலகிப் போகும். 2026-இல் அப்படித்தான் ஆயிற்று. பல ஆண்டுகளில் ஒரே அமாவாசைதான். நாம் கடற்கரையில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பிதிர்களை நினைக்கிற அதே சமயத்தில், சீனர் வீடுகளில் முன்னோர்களுக்குப் படைத்துவிட்டு, எங்கெங்கோ பிழைக்கப் போன பிள்ளைகள் ஊர் திரும்பி, குடும்பம் முழுவதும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இரவு விருந்து சாப்பிடுகிறது. நான்காம் வகுப்புப் பையனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அவன் வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம், "தை அமாவாசைக்கு எதுக்குத் தாத்தா தர்ப்பணம் பண்றீங்க?" என்று கேட்பான். சீனாவைப் பற்றிக் கற்கப் போனவன் தன் வீட்டுக்குள் வந்து நிற்பான். படிப்பு என்பது இதுதான்.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பண்டிகைக்கு முன்னால் வீட்டைக் கழுவித் துடைத்துப் பழசைக் களைகிறார்கள். நம் போகியைப் போல. ஆனால் புத்தாண்டு அன்று துடைப்பத்தைத் தொட மாட்டார்கள். தொட்டால் வந்த அதிர்ஷ்டத்தையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளியதாகிவிடும்! விருந்தில் மீன் உண்டு. சீன மொழியில் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே ஒலி. ஆகவே மீனைக் கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள், வருகிற வருஷம் எல்லாம் மிஞ்ச வேண்டும் என்று. அடுப்பங்கரைச் சாமி ஒருவர் இருக்கிறார். வருஷக் கடைசியில் அவர் மேலுலகம் போய் வீட்டு நடப்பை அறிக்கை கொடுப்பாராம். அவர் புறப்படுமுன் வாயில் இனிப்பைத் தடவி அனுப்புகிறார்கள். லஞ்சம் என்பது தெய்வத்துக்கும் கொடுக்கக்கூடியது என்று கண்டவர்கள் நாம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் படகுப் பந்தயம் விடுகிறார்களே, அதற்குச் சொல்லப்படும் கதை எனக்கு மிகவும் பிடித்தது. சூ யுவான் என்று ஒரு கவிஞன். சுமார் 2,300 வருஷங்களுக்கு முற்பட்டவன். அரசவையிலிருந்து துரத்தப்பட்டு, நாடு பகைவர் கையில் வீழ்ந்தது கேட்டு, ஆற்றில் விழுந்து உயிரைவிட்டான். ஜனங்கள் படகை எடுத்துக்கொண்டு அவனைத் தேடி ஓடினார்கள். உடலை மீன் தின்னாமல் இருக்கட்டும் என்று ஆற்றில் சோற்றைப் போட்டார்கள் என்பது ஐதிகம். ஒரு கவிஞனைத் தேடி ஒரு ஜாதியே இன்னும் ஆண்டுதோறும் படகோட்டிக்கொண்டிருக்கிறது! எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. இந்தக் கதையில் ஒரு வரி அந்த ஆகஸ்டு மாதப் புத்தாண்டு விழாவில் கிடைத்ததா? மைமீசைதான் கிடைத்தது.

"இதெல்லாம் சொல்ல ஆள் எங்கே இருக்கிறார்கள்? சீனாவிலிருந்தா கூட்டி வர முடியும்?" என்று கேட்கலாம். உழவர்கரையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறவரைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. இன்று நகராட்சியாக இருக்கிற எங்கள் ஊர், பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஒரு கொம்யூன். 1859-இல் சைகோனைப் பிடித்தவர்கள், அங்கே நிர்வாகம் நடத்தப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆள் கொண்டுபோனார்கள். சிப்பாயாக, போலீஸாக, வரி வசூலிப்பவராக, குமாஸ்தாவாக நம்மவர்கள் கப்பல் ஏறினார்கள். 1881-க்குப் பிறகு பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுப் புதுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள் இன்னும் அதிகமாகப் போனார்கள். சைகோனில் மாரியம்மன் கோயில் எழுந்தது. சிலர் அந்த ஊர்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1954-இல் பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவிலும் தோற்றுப் புதுச்சேரியையும் விட்டார்கள். அப்போதும், 1975-இல் சைகோன் விழுந்தபோதும், பல குடும்பங்கள் திரும்பி வந்தன.

அப்படி வந்த கிழவி ஒருத்தி எங்கள் தெருவில் இருக்கிறாள். 'சைகோன் ஆயா' என்றுதான் எல்லாருக்கும் தெரியும். தகப்பன் இந்த ஊர்த் தமிழர், தாய் வியத்நாமியப் பெண். மாசாமாசம் ஓய்வூதியம் வாங்குகிற கணவர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. புத்தாண்டு வந்தால் 'நெம்' சுருட்டி எண்ணெயில் பொரித்துத் தெருவுக்கே கொடுத்தனுப்புவாள். ஒருமுறை நான், "சீனப் புத்தாண்டா, ஆயா?" என்று கேட்டேன். "சீனாக்காரனுது இல்ல தம்பி, எங்க 'தெத்'து. நாளு ஒண்ணுதான். ஆனா அவனுக்கு முயல் வருஷம்னா எங்களுக்குப் பூன வருஷம்" என்று திருத்தினாள். நாள் ஒன்று, சொந்தம் வேறு! ஒரு பெரிய நாட்டுக்குப் பக்கத்தில் வாழ்ந்த சின்ன நாட்டின் வைராக்கியம் முழுவதும் அந்தப் பூனையில் இருக்கிறது. சீனர் பண்டிகையும் அவளுக்குத் தெரியும். சைகோனை ஒட்டிய சோலோன் சீனர் பேட்டை. அங்கே சிங்க ஆட்டம் வந்தால் தகப்பன் தோளில் ஏறிப் பார்த்தவள் அவள். புத்தாண்டு அன்று வாசலில் முதலில் காலெடுத்து வைக்கிறவர் நல்ல மனிதராக இருக்க வேண்டும், அவரைப் பொறுத்துத்தான் அந்த வருஷம் என்பாள்.

என் கேள்வி இதுதான். அந்த விழா நடந்த மேடைக்கும் இந்த ஆயா வீட்டுக்கும் இரண்டு மைல் இருக்குமா? அவளை யாராவது அழைத்தார்களா? ஒரு நாற்காலி போட்டு, "சொல்லுங்க ஆயா, நாங்க கேக்கிறோம்" என்று குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்தார்களா? தொப்பிக் கடைக்குப் போகத் தெரிந்தவர்களுக்கு அடுத்த தெருவுக்குப் போகத் தெரியவில்லை. அவளைப் போன்றவர்கள் இனி எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் பிள்ளைகள் பாரிஸில். பேரப்பிள்ளைகளுக்குப் பண்டிகையின் பெயர்கூட ஞாபகம் இல்லை. இன்னும் பத்து வருஷம் போனால் கேட்கவும் ஆள் இருக்காது. அப்போது தொப்பிதான் மிஞ்சும்.

இனி அடுத்த கட்சி. ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், தேசபக்தி மிகுந்தவர், என்னிடம் கோபமாகவே கேட்டார்: "1962-ஐ மறந்துட்டீங்களா சார்? 2020-இல் கல்வானில் நம்ம ஆளுங்க இருபது பேர் செத்தாங்களே, அதுல ஒருத்தர் நம்ம ராமநாதபுரத்துக்காரர். அவங்க பண்டிகையை நம்ம பிள்ளைங்க கொண்டாடணுமா?" இது அலட்சியமாகத் தள்ளக்கூடிய கேள்வி இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் முன்னால் யாரும் தத்துவம் பேச முடியாது.

ஆனாலும் நண்பர் விலாசம் மாறிப் போகிறார். சீன அரசாங்கத்தின் மேல் உள்ள கோபத்தைச் சீனக் கிழவியின் அடுப்பங்கரையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார். அந்த அரசாங்கமே இந்தப் பண்டிகையை என்ன செய்தது தெரியுமா? மாவோவின் கலாசாரப் புரட்சி உச்சத்தில் இருந்த 1967-இல் புத்தாண்டு விடுமுறையையே ரத்து செய்தது. பழைய வழக்கம், மூடநம்பிக்கை, விருந்து வீண் செலவு என்று காரணம் சொன்னது. பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று அது திரும்பி வர. பிறந்த நாட்டிலேயே துரத்தப்பட்டு, ஜனங்களின் பிடிவாதத்தால் பிழைத்த பண்டிகை இது. பீகிங் அதிகாரிகள் மேல் கோபம் கொண்டு இதை வெறுக்கிறவர், அந்த அதிகாரிகள் செய்த வேலையைத்தான் தாமும் செய்கிறார்.

1962-ஐ நண்பர் மறக்க வேண்டாம் என்கிறார். நானும் மறக்கவில்லை. அந்த வருஷம் நம் நாட்டிலேயே பிறந்து வளர்ந்த சீன வமிசத்தார், அஸ்ஸாமிலிருந்தும் டார்ஜிலிங்கிலிருந்தும் ஷில்லாங்கிலிருந்தும் சுமார் 3,000 பேர், ரயிலில் ஏற்றப்பட்டு ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். அதில் கைக்குழந்தைகள் உண்டு, பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் உண்டு. சிலர் வெளியே வர நாலைந்து வருஷம் ஆயிற்று. அவர்கள் எந்த மலையில் எந்தத் துப்பாக்கியைப் பிடித்தார்கள்? முகம் ஒன்றுதான் குற்றம். முகத்தைப் பார்த்துத் தண்டிக்கும் மனசு எங்கே உருவாகிறது என்று யோசிக்கிறேன். வகுப்பறையில், மை பூசிய கண்ணைப் பார்த்துச் சிரித்த அந்த நிமிஷத்திலும் உருவாகலாம். வேஷம் கட்டிச் சிரிக்கிறவரும் விரலை நீட்டி விரட்டுகிறவரும் அந்தப் புள்ளியில் ஒன்றாகிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் நம்மை ஆண்டார்கள். ஜூலை 14-ஆம் தேதி வந்தால் இன்னும் கடற்கரையில் அவர்கள் தேசிய நாள் வாணவேடிக்கையைக் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம். அப்போது நண்பருடைய தேசபக்திக்கு ஒரு குறையும் வருவதில்லை. அது சரியென்றால் இதுவும் சரிதான்.

தமிழனுக்கு இந்த விஷயத்தில் நடுநிலை என்று ஒன்று கிடையாது என்பதற்கு மலேசியாவைப் பாருங்கள். 2020 ஜனவரியில் சிலாங்கூர் மாநிலத்துப் பூச்சோங்கில் ஓர் இடைநிலைப் பள்ளியில் சீனப் புத்தாண்டுக்காகச் சிவப்புக் காகித விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். இது மதப் பிரசாரம், அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஒரு கட்சியின் துணைத் தலைவர் கடிதம் எழுதினார். விளக்குகள் இறங்கின. பிறகு துணைப் பிரதமராக இருந்த வான் அஸிஸா அம்மையாரும் சில அமைச்சர்களும் அந்தப் பள்ளிக்கே போக, விளக்குகள் மறுபடி ஏறின. சீனர் விவகாரம், நமக்கென்ன என்று தமிழர் யாராவது நினைத்திருந்தால், அதே மாதம் அவருக்குப் பதில் கிடைத்தது. பொங்கல் இந்துக்களின் சமயப் பண்டிகை, முஸ்லிம்கள் கொண்டாடுவது ஆகாது என்ற கருத்தைச் சுமந்துகொண்டு பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை போயிற்று. உழுதவன் சூரியனுக்கு நன்றி சொல்லுகிற பண்டிகைக்கு அந்த கதி! தமிழர்கள் மனம் புண்பட்டார்கள், நியாயமாகவே புண்பட்டார்கள். விளக்கங்கள் பின்னால் வந்தன. இன்று பக்கத்து வீட்டு விளக்கை இறக்குகிற கை நாளைக்கு நம் பானையை இறக்கும். அங்கே சிறுபான்மையாக நின்று நாம் கேட்கிற மரியாதையை, இங்கே பெரும்பான்மையாக உட்கார்ந்துகொண்டு கொடுக்க மறுப்பது எந்த ஊர் நியாயம்?

அந்த மலேசியாவிலேயே சாதாரண ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். சீனர் புத்தாண்டுக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். 'அங்பாவ்' என்று பெயர். தமிழ்க் குடும்பங்கள் அதைக் கண்டு, உறையின் நிறத்தை மாற்றித் தீபாவளிக்குத் தாங்களும் கொடுக்கத் தொடங்கிவிட்டன. எந்தப் பள்ளிக்கூடமும் மேடை போட்டு இதைக் கற்பிக்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டவர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்தது.

"நம் பண்டிகையே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, அதற்குள் சீனப் பண்டிகையா?" என்று மூன்றாவது ஓர் ஆட்சேபம் உண்டு. தெரியவில்லை என்பது வாஸ்தவம். ஏன் தெரியவில்லை? பள்ளிக்கூடத்துப் பொங்கலைப் பார்த்திருக்கிறீர்களா? வர்ணம் அடித்த பானைக்கு அடியில் சிவப்புக் காகிதத்தில் நெருப்பு. வேட்டி கட்டிய பையன்கள் தோளில் அட்டைக் கலப்பை. புகைப்படம் எடுத்ததும் எல்லாம் பெட்டிக்குள் போய்விடுகிறது. ஊர்ப் பெயரிலேயே உழவரை வைத்துக்கொண்டிருக்கிறோம். உழுத மனிதர் ஒருவரைக் கூப்பிட்டு அந்த மேடையில் உட்கார வைத்ததுண்டா? சீனனுக்கு ஓலைத் தொப்பி, உழவனுக்கு அட்டைக் கலப்பை. வியாதி ஒன்றுதான். சீனப் பண்டிகையை நிறுத்துவதால் அது தீராது.

எப்படிக் கொண்டாட வேண்டும் என்று கேட்பவருக்கு, 600 வருஷத்துக்கு முந்திய ஒரு முன்மாதிரியைக் காட்டுகிறேன். சீனத்துக் கடற்படைத் தளபதி செங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்த கல்வெட்டு ஒன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1409-ஆம் வருஷத்தியது. அதில் மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும் பொன், வெள்ளி, பட்டு என்று காணிக்கை எழுதியிருக்கிறது. வந்தவர்கள் படைபலம் உள்ளவர்கள், சண்டையும் போட்டவர்கள். அவர்களை மகாத்மாக்கள் ஆக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் அடுத்தவர் தெய்வத்தை வணங்கும்போது அவர் மொழியில், அவர் தெய்வத்தின் பெயரைச் சரியாகச் சொல்லி, கையில் காணிக்கையோடு வர வேண்டும் என்ற மரியாதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1911-இல் காலி நகரத்தில் அந்தக் கல்லைக் கண்டெடுத்தபோது, அது சாக்கடைக்கு மூடியாகக் கிடந்தது. நம்முடைய அரிக்கமேட்டில்கூட ரோமாபுரிப் பானையைப் பற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லுகிறோம். அதே மண்ணில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளைப் பற்றி எத்தனை ஆசிரியர்கள் சொல்லுகிறார்கள்?

பள்ளிக்கூடத்தார்களே, நான் கேட்பது மிகக் கொஞ்சம். பண்டிகையை அதன் நாளில் கொண்டாடுங்கள். அதற்கு உரியவர் யாராவது பத்து மைல் சுற்றளவில் இருந்தால் அவரை அழைத்து, முன்வரிசையில் எங்களைப் போன்றவர்களுக்குப் போடுகிற நாற்காலியை அவருக்குப் போடுங்கள். அவர் பெயரை, அவர் சாமியின் பெயரை, அவர் பலகாரத்தின் பெயரைச் சரியாகச் சொல்லக் குழந்தைகளைப் பழக்குங்கள். அவர் சமைத்ததைச் சாப்பிடச் சொல்லுங்கள். நம் வீட்டில் என்ன வழக்கம் என்று அவர் திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இவ்வளவும் முடியாது, நேரம் இல்லை என்றால் விழாவே வேண்டாம். சீனர்கள் வருத்தப்பட மாட்டார்கள். நாலாயிரம் வருஷப் பழசான ஜாதி, நாம் கொண்டாடாததால் கெட்டுப்போகாது. மைக்கோலை மட்டும் தயவுசெய்து கீழே வையுங்கள்.